விடியற்காலை ஊதல்

எனக்கு ஆஸ்துமா வந்து 19 வருடம் ஆகிறது. வீடு பெரம்பூரில். டாக்டரைப் பார்க்கப் போவது எப்போதும் பகல் 11 மணிக்கு. அந்த நேரத்தில் நெஞ்சு நன்றாகத்தான் இருக்கும். இழுப்பு வருவதெல்லாம் விடியற்காலையில். ஊதல் டெஸ்ட் எடுத்துவிட்டு "ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்கியவளுக்கு அதைக் கேட்க அழுகையாக வரும்.

அதனால்தான் புது மருந்து ஆய்வில் சேர்கிறீர்களா என்று கேட்டபோது யோசித்தேன். மருந்துக்காக இல்லை, வீட்டிலேயே ஊதிப் பார்க்கும் குட்டி ஸ்பைரோமீட்டர் தருவோம் என்றார்கள். தமிழில் இருந்த ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து, தங்கையோடு உட்கார்ந்து இரண்டு நாள் படித்தேன். எடுத்துக்கொண்டிருக்கும் இன்ஹேலரை நிறுத்த மாட்டார்கள். அதற்கு மேல்தான் புது மருந்தோ, மருந்தில்லாத டம்மியோ. ஆய்வால் பாதிப்பு வந்தால் வைத்தியச் செலவு அவர்களுடையது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இந்த ஆய்வு இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

இன்ஹேலர் தலையில் ஒரு சென்சார் மாட்டினார்கள். ஒவ்வொரு பஃப்பும் எத்தனை மணிக்கு அடித்தேன் என்று போனுக்குப் போய்விடும். முதலில் யாரோ வேவு பார்ப்பதுபோலக் கூச்சமாக இருந்தது. என் பெயர் போகாது, குறியீட்டு எண் மட்டும்தான் போகும் என்று விளக்கினார்கள். முன்பு தினமும் பஃப் கணக்கை எழுதச் சொல்லிக் கொடுத்த பேப்பர் சார்ட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில் வைத்து ஒரு வாரத்துக்கும் சேர்த்து நான் நிரப்பியிருக்கிறேன். அந்தக் கணக்கை நம்பி ஒரு மருந்தை எடைபோட்டால் என்ன ஆகும்?

அங்கிருந்த பெரிய டாக்டர் சென்னை சேத்துப்பட்டில் நடந்த ஒரு கதையைச் சொன்னார். 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வில் பாதிப் பேருக்கு வீட்டிலும் மீதிப் பேருக்கு சானடோரியம் என்கிற காசநோய் ஆஸ்பத்திரியிலும் வைத்தியம் செய்தார்களாம். வீட்டில் இருப்பவர்கள் மாத்திரை போடுகிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரையை எண்ணி, சிறுநீரையும் சோதித்திருக்கிறார்கள். வீட்டில் இருந்தபடியே மாத்திரை எடுப்பதும் சளைத்ததில்லை என்று 1959இல் முடிவு வந்தது. அன்று ஆள் வந்து கதவைத் தட்டிச் செய்த வேலையைத்தான் இந்த சென்சார் செய்கிறது என்றார். கூச்சம் போய்விட்டது.

மூன்றாவது வாரம் ஒருங்கிணைப்பாளர் பெண் போன் செய்தாள். "அக்கா, ரெண்டு நாளா உங்க ஊதல் பாதியிலயே நின்னுடுது. வீடியோ கால்ல வாங்க." விஷயம் இதுதான்: மாமியார் தூங்குகிறாரே என்று மெதுவாக ஊதியிருக்கிறேன். நன்றாக இழுத்து, ஒரே மூச்சில் வேகமாக, ஆறு விநாடி ஊத வேண்டும். மறுநாளிலிருந்து மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து ஊதினேன். அந்தப் பெண் கூப்பிடாமல் இருந்தால் கருவி தப்பான எண்ணையே அனுப்பிக்கொண்டிருந்திருக்கும். அப்புறம் இன்னொன்று. ஆப்பில் தினமும் "சீழ்க்கை ஒலி இருந்ததா?" என்று ஒரு கேள்வி. நான் இல்லை, இல்லை என்றே தொட்டுக்கொண்டிருந்தேன். அது வீசிங் என்று ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. இப்படிக் கேள்வி எழுதுகிறவர்கள் எங்களில் நாலு பேரிடம் முதலில் வாசித்துக் காட்ட வேண்டும்.

போகி அன்று விடியற்காலை 4 மணிக்கே தெருவெல்லாம் புகை. பஃப் அடிப்பதற்கு முன்பு ஊதினேன். முதல் விநாடியில் வெளியேறும் காற்று எனக்கு வழக்கமாக 1.9 லிட்டர். அன்று 1.3. அரை மணி நேரத்தில் ஆய்வு டாக்டர் கூப்பிட்டு, எத்தனை பஃப் எடுக்கலாம், எப்போது உடனே கிளம்பி வர வேண்டும் என்று சொன்னார். பகல் 11 மணிக்கு ஆஸ்பத்திரியில் ஊதியபோது 1.8. பழைய முறையில் அந்த 1.8 மட்டும்தான் ஏட்டில் ஏறியிருக்கும்.

எனக்குக் கிடைத்தது மருந்தா டம்மியா என்று இன்னும் தெரியாது. ஆய்வு முழுக்க முடிந்தால்தான் சொல்வார்கள். கருவியைத் திருப்பிக் கொடுத்த அன்று, என் விடியற்காலை எண்களைப் பிரிண்ட் எடுத்துத் தரும்படி கேட்டு வாங்கினேன். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் அதை நெடுநேரம் புரட்டிவிட்டு, இரவு மருந்தை மாற்றி எழுதினார்.