ரீச்சர் கேட்ட கேள்வி

சித்திர அறையில் யன்னலோர மேசைதான் என் இடம். அங்கேயிருந்துதான் ஒரு பெண்ணின் முகத்தை நீர்வர்ணத்தில் தீட்டி, அவள் கூந்தலில் மூன்று பச்சை இலைகளை ஒட்டினேன். ரீச்சர் வந்து கனநேரம் பார்த்தார். "பிள்ளை, இந்த இலை அவளுக்கு நகையோ, இல்லாட்டி அவளேதானோ?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. மூன்று வாரத்தில் இலைகளில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. ஈரம் காயுமுன் ஒட்டியதுதான் காரணம். பழைய பத்திரிகைத் தாள்களுக்குள் வைத்து, மேலே புத்தகங்களை அடுக்கி உலர்த்தவும், வெள்ளைப் பசையை நீர்விட்டுக் கரைத்து இலையின் இரு பக்கமும் பூசவும் அதன்பிறகு ரீச்சரே பழக்கினார். பழக்கிக்கொண்டே, தமிழ்ப் பாடத்தில் நாங்கள் அப்போது படித்துக்கொண்டிருந்த உள்ளுறை உவமத்தை எடுத்தார். சொல்ல நினைப்பதை இயற்கைக் காட்சிக்குள் மறைத்துவைக்கும் சங்கப் பாடல்களின் உத்தி அது. "தலைவி எல்லாத்தையும் வாய்விட்டோ சொல்லுறாள்? நாரையும் நண்டும் அவளுக்காகச் சொல்லுது. உன்ர இலையும் சொல்லவேணும்."

இரண்டாவது படத்தில் ஒரு கை மட்டும். உள்ளங்கையில் உலர்ந்த இலை. அதன் நரம்புகளைப் பேனாவால் மணிக்கட்டுவரை நீட்டினேன். இலை எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

வெளிநாடு வந்தபின் மேரி டெலானி என்ற ஆங்கிலேயக் கலைஞரைப் பற்றி அறிந்தேன். 1772இல், 72 வயதில், வர்ணத் தாள்களை வெட்டிக் கறுப்புப் பின்னணியில் ஒட்டிப் பூச்செடிகளை உருவாக்கத் தொடங்கியவர். ஆயிரத்துக்குக் கிட்டச் செய்தார். சிலவற்றில் உண்மையான இலையையும் சேர்த்தார். அவரைவிட என்னை உலுக்கியவர் கியூபாவில் பிறந்த அமெரிக்கக் கலைஞர் அனா மெண்டியேட்டா. 1970களில் தன் உடலின் வடிவத்தை மண்ணிலும் சேற்றிலும் பூக்களிலும் பதித்தார். சிலவற்றை வெடிமருந்திட்டு எரித்தார். மிஞ்சியவை புகைப்படங்களும் படச்சுருள்களும்தான். பெண்ணைப் பூமி என்றாலே பொறுமை என்று சொல்லிப் பழகியவர்கள் அந்த எரிந்த உருவங்களைப் பார்க்க வேண்டும். தலையில் பூவைச் செருகிவிட்டுக் குறியீடு என்று சொல்வதை என்னால் இன்றும் ஏற்க முடிவதில்லை.

அந்தக் கை ஓவியம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. வர்ணம் மங்கவில்லை, இலை மட்டும் பழுப்பாகி, விளிம்பு சற்றே சுருண்டுவிட்டது. பச்சை தொட்டுச் சரிசெய்யலாம் என்று வீட்டார் சொன்னார்கள். நான் விடவில்லை. இலை அவளேதான், ரீச்சர்.