எந்தக் குமிழ்?

நெல்லை அருகே கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயத்துக்கு வெளியே, உடைமரங்களுக்கு நடுவே பின்னிக் கிடக்கும் ஒரு முட்புதர் சில வாரங்களாக என்னைப் பிடித்து வைத்திருந்தது. ஆள் உயரம்; கிளை நுனிகளில் தொங்கும் மஞ்சள் பூக்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். “குமிழ், அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு ஆடுகளின் பின்னால் போய்விட்டார். சரி, எந்தக் குமிழ்?

மரமாக வளரும் பெருங்குமிழ் இல்லை. அதற்கு முள் கிடையாது, இலையும் பெரியது, பூவில் பழுப்பு தூக்கலாக இருக்கும். இங்கே சிறு கிளைகளே முள்ளாகக் கூர்ந்திருக்கின்றன. இலைகள் எதிரெதிராக, சிறியவையாக, அடிப்புறம் வெளிறி இருக்கின்றன. சில இலைகளின் ஓரம் மடல்களாகப் பிளந்திருக்கிறது. நர்சரிகளில் விற்கும் பிலிப்பைன்ஸ் குமிழாக இருக்குமோ என்றும் பார்த்தேன். அதில் பூவடிச் செதில்கள் பெரிதாக, நிறமேறி, சரமாகத் தொங்கும். இதில் அப்படி எதுவும் இல்லை.

உறுதி கிடைத்தது கைலென்ஸில்தான். பூவின் அடியில் இதழ்களைத் தாங்கும் புல்லிவட்டத்தின் மேல் சின்னஞ்சிறு தட்டுகளாகத் தேன்சுரப்பிகள். எறும்புகள் பூவுக்குள் போகாமல் அவற்றையே சுற்றிக்கொண்டிருந்தன. உள்ளே நான்கு மகரந்தத்தாள்கள், இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. நிலக்குமிழேதான்: ஜிமெலினா ஏசியாட்டிகா.

பழைய கவிஞர்கள் பெண்ணின் மூக்கைக் குமிழம்பூ என்பார்கள். வழக்கமான மிகை என்றுதான் நினைத்திருந்தேன். பூவைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்: காம்பருகே ஒடுங்கி, ஒரு புறமாகப் புடைத்து இறங்குகிறது. பாடியவர்கள் செடியருகே நின்று பார்த்தவர்கள்.

அறிவியல் பெயர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்டது. பேரினப் பெயரில் இருப்பவர் சைபீரியத் தாவரங்களை ஆராய்ந்த ஜெர்மானியர் ஜிமெலின். பனிநாட்டில் அலைந்தவரின் பெயர் நெல்லைச் சீமை உடங்காட்டில் வெயில் காய்கிறது! பழைய தாவர நூல்களில் இதை வெர்பினேசி குடும்பத்தில் தேட வேண்டும். இப்போது தேக்கு, நொச்சியோடு சேர்த்துத் துளசிக் குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

படம் எடுத்துப் பெயர் கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூவின் முகத்தை மட்டும் எடுத்தால் போதாது. புல்லிவட்டம், முள், இலையின் அடிப்புறம் மூன்றையும் அருகில் வைத்து எடுங்கள். பழம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.