சிங்கம் கம்பத்தைப் பார்க்க வேண்டும்

இலங்கையின் சுதந்திர தினமான பெப்ரவரி 4 நெருங்கினால் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் கொடிக்கம்பத்தைத் தேடுவார்கள். கம்பம் 20 அடியென்றால் கயிறு 45 அடி வேண்டும்: ஏற ஒரு மடங்கு, இறங்க ஒரு மடங்கு, மிச்சம் முடிச்சுக்கு. அந்த உயரத்துக்கு 5 அடிக் கொடி அளவாக இருக்கும். நம் தேசியக் கொடியின் நீளம் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு, ஆகவே அகலம் இரண்டரை அடி. ஐந்துக்கு மூன்று என்று தைத்ததை வாங்காதீர்கள்.

பட்டைகள் கம்பத்துப் பக்கம் வர வேண்டும். பச்சை முதலில், அடுத்து செம்மஞ்சள். சிங்கம் கம்பத்தைப் பார்க்கும், வாள் நிமிர்ந்திருக்கும். கயிறு நுழைக்கும் மடிப்பை மறுபக்கத்தில் தைத்த கொடியை எப்படிப் புரட்டினாலும் சரிவராது. பிரித்துத் தைக்கத்தான் வேண்டும்.

இந்தப் பட்டைகள் பிறகு வந்தவை. 1815 மார்ச் 2 கண்டி ஒப்பந்தத்தோடு ஆங்கிலேயரிடம் ஆட்சி இழந்த கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடியில் வாளேந்திய சிங்கம் மட்டும்தான். அவன் நாயக்க வம்சத்தவன். கண்ணுசாமி என்ற பெயருடையவன். 1832இல் வேலூரில் சிறையிருந்தபடியே இறந்தான். சுதந்திர தினப் பேச்சுகளில் இதை யாரும் எடுப்பதில்லை. இங்கிலாந்துக்குப் போன அந்த மன்னனின் கொடியைச் சட்டத்தரணி ஈ. டபிள்யூ. பெரேரா தேடிக் கண்டெடுத்தார். அதையே தேசியக் கொடியாக்கும்படி 1948 ஜனவரியில் பிரேரணை கொண்டுவந்தவர் மட்டக்களப்புப் பாராளுமன்ற உறுப்பினர் ஏ. சின்னலெப்பை. சிறுபான்மையினருக்கு அதில் இடமெங்கே என்ற கேள்வி எழ, அமைச்சர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க தலைமையில் குழு அமைந்தது. தமிழருக்குச் செம்மஞ்சளும் முஸ்லிம்களுக்குப் பச்சையும் 1951இல் சேர்ந்தன. குழுவிலிருந்த செனட்டர் எஸ். நடேசன் இதற்கு உடன்படவில்லை.

செம்மஞ்சள் வந்த அந்த ஆண்டில், இந்திய வம்சாவளியினரான தோட்டத் தமிழரில் பெரும்பாலோருக்குப் பிரஜாவுரிமை கிடையாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவர்களை வெளியே நிறுத்தியிருந்தது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. கடைசியாக நாடற்று நின்றவர்களுக்கு வழிவிட்டது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். செம்மஞ்சள் நமக்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்த வருடங்களையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் முழுமை.

மூலைகளில் இப்போதுள்ள வெள்ளரசு (அரசமர) இலைகள் 1972இல் வந்தவை. பௌத்தம் போற்றும் நற்குணங்களான மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்று நான்குக்கும் பொருள் சொல்வார்கள். அதற்கு முந்திய படத்தைப் பார்த்து வரைந்தால் மூலைகள் பிழைக்கும்.

மலைநாட்டில் கொடிக்குப் பகை ஈரமும் காற்றும். பருத்தித் துணி பனியில் நனைந்து கனத்துத் தொங்கும். சாயம் உறுதியில்லாததென்றால் சிங்கத்தின் பின்னணியான கருஞ்சிவப்பு, சுற்றியுள்ள மஞ்சள் கரைக்குள் இறங்கிவிடும். ஈரத்தோடு மடித்து அலுமாரியில் வைத்தால் மறுவருடம் கறையோடுதான் எடுப்பீர்கள். நிழலில் விரித்துக் காயவிடுங்கள். நாள்தோறும் ஏற்றுவதென்றால் பொலியெஸ்டர் துணி போதும்.

காற்றில் முதலில் பிய்வது கம்பத்துக்கு எதிர்ப்பக்க ஓரம். பிய்ந்ததை வெட்டி மடித்துத் தைப்பது பல கொடிகளுக்குச் சரி. இதில் அப்படி வெட்டினால் மஞ்சள் கரை மெலிந்து ஒருநாள் இல்லாமலே போகும், அளவும் கெடும். மஞ்சள் துணியில் புதுக் கரை வைத்து மூன்று நான்கு வரி தைக்க வேண்டும். அந்தப் பக்கத்து இரு மூலைகளிலும் தையலைக் கூட்டிக்கொள்ளுங்கள். கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.