உப்பு மண்ணில் ஓர் உயிர்வேலி

இராமநாதபுரத்துக் கடலோர மணலில், உப்புக் கரிக்கும் கிணற்று நீரை மட்டுமே நம்பி, தெருப்பார்வை படாதவாறு வீட்டைச் சுற்றி உயிர்வேலி அமைக்க நான் முதலில் நட்டது செம்பருத்தியைத்தான். சித்திரை முடிவதற்குள் இலைகளின் ஓரம் பழுப்பேறிக் கருகியது; தூரைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிய நீர் மேல்மண்ணிலேயே ஆவியாகி உப்பை அங்கேயே விட்டுச் செல்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

எங்கள் பக்கத்து வேலிகளில் கிளுவையே அதிகம். போத்தை, அதாவது வெட்டிய கிளையை, ஊன்றினால் போதும், தழைத்துவிடும். ஆனால் கோடையில் இலை உதிர்த்துவிடுவதால் அது மறைப்பாகாது. ஆகவே உப்பையும் வறட்சியையும் தாங்கும் கொடுக்காப்புளியைத் தேர்ந்தேன். ஒன்றரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் பறித்து, கண்மாய் வண்டலும் மக்கிய ஆட்டுப் புழுக்கையும் கலந்து நிரப்பி, இரவு முழுவதும் ஊறவைத்த விதைகளை ஐப்பசி மழைக்கு முன்பாக, அடிக்கு ஒன்றாக, இரண்டு வரிசையில் மாற்றி மாற்றி ஊன்றினேன். மழை மேல்மண்ணின் உப்பைக் கீழே இறக்கிவிடும் காலம் அது.

முழங்கால் உயரம் வந்ததும் நுனியை வெட்டுவதற்கு மனம் வராது, வெட்டத்தான் வேண்டும். இல்லையேல் மரமாக மேலே ஓடி, அடிப்பகுதி வெறுமையாகிவிடும். ஆடுகளுக்கு இத்தழை மிகவும் பிடித்தமானது என்பதால், முதல் ஆண்டு முழுவதும் வெளிப்புறத்தில் கருவேல முள்ளை அடைத்து வைத்திருந்தேன். இப்போது பத்து நாளைக்கு ஒருமுறை, ஆழமாக நனையும்படி நீர் பாய்ச்சுகிறேன்.