விரலுக்கு விரல் கட்டு

புதனும் ஞாயிறும் எங்கள் வீட்டில் காலை ஏழு மணிக்கே வெந்நீர் வைத்துவிடுவோம். ஆறு வயது மகளுக்குக் கட்டு மாற்றும் நாட்கள் அவை. முடிக்க மூன்று மணி நேரம் பிடிக்கும்.

அவளுக்கு இருப்பது எபிடெர்மோலிசிஸ் புல்லோசா, சுருக்கமாக ஈ.பி. அதில் டிஸ்ட்ரோபிக் என்ற வகை. மேல்தோலை அடித்தோலோடு பிடித்துவைக்கும் ஏழாம் வகை கொலாஜன் அவள் உடம்பில் சரியாக உருவாவதில்லை. அதனால் லேசாக உரசினாலே கொப்புளம்தான். என் கணவர் என் தாய்மாமன் மகன். அந்தக் கொலாஜனை உருவாக்கும் மரபணுவின் ஒரு பிரதி எங்கள் இருவரிடமும் பழுது. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்கு இரண்டு பிரதியுமே பழுதாகப் போய்விட்டது. ஒவ்வொரு பிரசவத்திலும் இதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்பது அவள் பிறந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

பிறந்த அன்று டிரிப் ஊசி மேல் ஒட்டிய பிளாஸ்திரியை உரித்தார்கள். கையின் தோலும் சேர்ந்து வந்தது. அதைப் பார்த்த பிறகும் மறுநாள் காலில் இன்னொன்றை ஒட்டினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிறந்த குழந்தையின் தோல் உரிந்தோ கொப்புளித்தோ இருந்தால், ஒட்டும் எதையும் போடவிடாதீர்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கவும் கூடாது. பிட்டத்துக்கும் கழுத்துக்கும் அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும்.

குளிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு போடுவேன். வெறும் தண்ணீரைவிட எரிச்சல் குறைவு. பழைய கட்டு நன்றாக ஊறித் தானாக விடும்வரை இழுக்க மாட்டேன். புதுக் கொப்புளம் இருந்தால் சுத்தமான ஊசியால் அதன் கீழ் ஓரத்தில் குத்தி, காஸ் துணியால் ஒற்றி நீரை எடுப்பேன். மேலே உள்ள தோலை வெட்டுவதில்லை, புண்ணுக்கு அதுதான் மூடி. குத்தாமல் விட்டால் கொப்புளம் பரவிக்கொண்டே போகும். அப்புறம் வாஸ்லின் தடவி, ஒட்டாத சிலிக்கான் டிரெஸ்ஸிங், அதன் மேல் சுற்றுத்துணி. சட்டையைத் தையல் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுவிடுவோம்.

கடைசியில் கைகள். ஒரு மணி நேரம் அதற்கே போய்விடும். புண் ஆறும்போது பக்கத்துப் பக்கத்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், கை உறை போட்டதுபோல் மூடிக்கொள்ளும். அறுவை சிகிச்சையில் பிரித்தாலும் பெரும்பாலும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகச் சுற்றி, விரலிடுக்கிலும் துணி கொடுக்க வேண்டும். கை வலிக்கும், அவளும் அழுவாள். ஆனாலும் ஒரு இடுக்கைக்கூட விட்டதில்லை.

2023 மே மாதம் அமெரிக்காவில் வைஜூவெக் என்ற ஜெல்லுக்கு அனுமதி கிடைத்தது. வாயோரம் கொப்புளம் போடுமே, அந்த ஹெர்பிஸ் வைரஸை மாற்றி, அதில் நல்ல மரபணுவை ஏற்றிப் புண்ணில் வாரம் ஒருமுறை சொட்டு சொட்டாக வைக்கிறார்கள். நோயை அடியோடு போக்காது, புண் ஆற உதவும். அதன் விலை எங்களுக்கு எட்டாத தூரம். ஒருநாள் எட்டும் என்று நம்புகிறேன். அன்றைக்கு அவளுக்குப் பத்து விரலும் பிரிந்தே இருக்க வேண்டும்.

அடுத்த குழந்தைக்கு யோசிப்பவர்கள் முதல் குழந்தையின் மரபணுப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். எந்த இடத்தில் பழுது என்று தெரிந்தால்தான் அடுத்த கர்ப்பத்தில் 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்க முடியும்.

போன புதன்கிழமை இடது சுண்டுவிரலை அவளே சுற்றிக்கொண்டாள். நுனியில் கொஞ்சம் தளர்வு. அவிழ்க்காமல், அதன் மேலேயே ஒரு சுற்று சேர்த்துவிட்டேன்.