'வந்துட்டா' என்ற சொல்லின் கடைசி எழுத்து

துப்பு துலங்காமல் பல ஆண்டுகளாகக் கிடந்த ஒரு கொலை வழக்கில், இறந்துபோன பெண் அவசர உதவி எண்ணை அழைத்துப் பேசிய ஒலிப்பதிவை ஆராய்ந்து அறிக்கை தரும்படி என்னிடம் கேட்டார்கள். விசாரணை இன்னும் முடியாததால் ஊர், பெயர், ஆண்டு எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. பதிவை நான் கையாண்ட முறையையும், அதில் நானே செய்த ஒரு பிழையையும் மட்டும் எழுதுகிறேன்.

பிழை முதல் நாளிலேயே நேர்ந்தது. பென் டிரைவோடு ஒரு தட்டச்சுத் தாளும் வந்திருந்தது. அழைப்பில் யார் என்ன பேசினார்கள் என்று முன்பு யாரோ எழுதிவைத்த படி அது. பதிவைக் கேட்பதற்கு முன்பே அதைப் படித்துவிட்டேன். முகவரியைப் பதற்றத்துடன் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பெண், திடீரெனக் குரலைத் தாழ்த்தி 'வந்துட்டான்' என்கிறார் என்றும், அதையடுத்து ஒரு பீப் ஒலி, பிறகு யாரோ மூச்சு வாங்கியபடி தொலைபேசியை நெருங்கும் ஓசை என்றும் அதில் இருந்தது. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் வந்தவன் ஆண் என்று விசாரணை முடிவுகட்டியிருந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டபோது எனக்கும் 'வந்துட்டான்' என்று ஐயத்துக்கு இடமில்லாமல் கேட்டது. தாளைப் படிக்காமல் கேட்டிருந்தால் என்ன கேட்டிருக்கும் என்பதை இனி என்னால் ஒருபோதும் அறிய முடியாது.

பென் டிரைவில் இருந்தது எம்பி3 கோப்பு. காது கவனிக்காது என்று கருதும் நுட்பங்களை நீக்கிவிட்டுத்தான் அந்த வடிவம் அளவைச் சுருக்குகிறது. சர்ச்சைக்குரிய ஒரு சொல்லை ஆராய்வதற்கு அது உகந்ததல்ல. மூலப் பதிவு வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். மூன்று வாரம் கழித்து, முத்திரையிட்ட உறையில் ஒரு கேசட் வந்தது. மேலே வேறெதுவும் பதிய முடியாதபடி செய்ய உடைத்துவிட வேண்டிய, அதன் விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டு உடைக்கப்படாமலே இருந்தது. அதாவது, இத்தனை ஆண்டுகளில் யார் வேண்டுமானாலும் கைதவறி அதன்மேல் வேறெதையாவது பதிந்திருக்கலாம். அதை அப்படியே படம் எடுத்துக்கொண்டு, பதிவு செய்யும் வசதியே துண்டிக்கப்பட்ட கருவியில் போட்டேன். நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து, அதன் சாய்வை நாடாவுக்கு ஏற்பத் திருத்தி, நுட்பங்கள் இழக்காதபடி 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் கணினியில் ஏற்றி, கோப்பு பின்னர் மாறினால் காட்டிக்கொடுக்கும் எண்ணான ஹாஷ் மதிப்பைக் குறித்துக்கொண்ட பிறகு கேசட்டை மறுபடி உறையிலிட்டேன். அதற்குப் பின் செய்த வேலையெல்லாம் பிரதியில்தான்.

தாளில் 'பீப்' என்று ஒற்றைச் சொல்லில் கடந்துபோயிருந்த ஒலிதான் இந்த வேலையின் திருப்புமுனை. ஒலியின் அதிர்வெண்களை நேரவாரியாகக் காட்டும் படமான ஸ்பெக்ட்ரோகிராமில் அது இரண்டு இணைகோடுகளாகத் தெரிந்தது: ஒன்று 785 ஹெர்ட்ஸ், மற்றொன்று 1362 ஹெர்ட்ஸ். தொலைபேசிப் பொத்தான் ஒவ்வொன்றும் இரண்டு நிலையான அதிர்வெண்களைச் சேர்த்து எழுப்பும்; 5ஆம் பொத்தானுக்கு அவை 770, 1336. இரண்டும் ஒரே விகிதத்தில் கூடியிருந்ததால், கேசட் கிட்டத்தட்ட 2 விழுக்காடு வேகமாக ஓடுகிறது என்பது உறுதியாயிற்று. வேகத்தைத் திருத்தியதும், 114 நொடி என்று எல்லாரும் நம்பியிருந்த அழைப்பு 116 நொடியாக நீண்டு, அழைப்புப் பதிவேட்டில் எழுதியிருந்த கால அளவோடு பொருந்தியது. கன்னமோ விரலோ பட்டுப் பொத்தான் அமுங்கியிருக்க வேண்டும். அந்தக் கணத்தில் ரிசீவர் அவர் கையில் இடம் மாறியிருக்கிறது என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் ஊகிக்க நான் விரும்பவில்லை.

நெருங்கிவரும் மூச்சோசையை அடுத்து எடுத்துக்கொண்டேன். பெண் பேச்சை நிறுத்திய பிறகு நான்கு நொடிகளில் அந்த ஓசை சுமார் 9 டெசிபல் உயர்கிறது. கேட்பவருக்கு யாரோ அடிமேல் அடி வைத்து வருவது போன்ற நடுக்கம் உண்டாவது இயல்பே. ஆனால் அந்தப் பதிவில் அழைத்தவர், அழைப்பை எடுத்தவர் இருவரின் ஒலியும் ஒரே தடத்தில் கலந்திருந்தன. கட்டுப்பாட்டு அறையில் வேறொரு ஊழியர் தொலைவில் பேசிக்கொண்டிருந்த குரலும், மின்சார இரைச்சலும் அதே நான்கு நொடிகளில் அதே அளவு உயர்ந்தன. அழைப்பை எடுத்தவர் 'ஹலோ' என்றதும் மூன்றும் ஒருசேரத் தாழ்ந்தன. அமைதி நிலவும்போது தானாகவே ஒலியளவைக் கூட்டுவதும், சத்தம் வந்ததும் குறைப்பதும் பதிவுக் கருவியின் வேலை. யாரும் நெருங்கி வரவில்லை. கருவிதான் காதைக் கூர்மையாக்கிக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு பத்தியை எழுதுவதற்கு எனக்கு இரண்டு நாள் பிடித்தது, ஆனாலும் அறிக்கையில் முழு உறுதியோடு நான் எழுதிய பகுதி இதுதான்.

இனி அந்தச் சொல். பேச்சுத் தமிழில் 'வந்துட்டான்' என்பதன் கடைசி னகரத்தை நாம் முழுமையாக ஒலிப்பதில்லை. அது முந்தைய ஆகாரத்தின் மேல் மூக்கொலியாகப் படிந்துவிடுகிறது. 'வந்துட்டாள்' என்பதன் ளகரமோ ஒலிக்காமலே போய் 'வந்துட்டா' என்று நிற்கிறது. ஆக, வந்தது ஆணா பெண்ணா என்பது ஆகாரத்தில் மூக்கொலி கலந்திருக்கிறதா இல்லையா என்ற ஒன்றை மட்டுமே பொறுத்தது. மூக்கொலியின் அடையாளங்களில் முக்கியமான ஒன்று 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. தொலைபேசி கடத்துவதோ ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான். எஞ்சிய அடையாளங்களைத் தேடினால், ஆகாரம் தொடங்கிய உடனேயே அந்தப் பீப் ஒலி வந்து விழுகிறது. பெரும்பாலான தொலைபேசிகளில் பொத்தான் அமுங்கியிருக்கும் வரை மைக் அடங்கியிருக்கும். எனவே சொல்லின் முடிவு பீப் ஒலிக்கு அடியில் மறைந்து கிடக்கவில்லை. அது கம்பியில் ஏறவே இல்லை என்று கொள்வதே பொருத்தம். இரைச்சல் நீக்கும் மென்பொருள்களால் இல்லாததை மீட்க முடியாது. அவற்றில் சில, வடிகட்டிய இடத்தில் இசைத்துணுக்குகள் போன்ற புதிய ஒலிகளை விட்டுச்செல்லும். காது அவற்றையும் பேச்சாக எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் எனக்கு எப்படி அவ்வளவு தெளிவாகக் கேட்டது? 1970இல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர், பதிவான ஒரு சொல்லிலிருந்து ஓர் ஒலியை வெட்டி அங்கே இருமலை வைத்துக் கேட்கச் செய்தபோது, வெட்டப்பட்ட ஒலியும் தங்களுக்குக் கேட்டதாகவே கேட்டவர்கள் சொன்னார்கள். எனக்கு இருமலுக்குப் பதில் பீப் ஒலி. அதில் எந்த எழுத்தை நிரப்புவது என்று தட்டச்சுத் தாள் முன்பே சொல்லிக்கொடுத்துவிட்டது. நியூசிலாந்தில் டேவிட் பெய்ன் என்பவர் மீதான கொலை வழக்கிலும் இதே சிக்கல் எழுந்தது. 1994ஆம் ஆண்டின் அவசர அழைப்பில் வாக்குமூலம் போன்ற ஒரு தொடர் இருப்பதாகப் பின்னாளில் சொல்லப்பட்டு, அது பேச்சா வெறும் மூச்சா என்று வல்லுநர்கள் பிரிந்து நிற்க, 2009 மறுவிசாரணைக்கு முன் அந்தப் பகுதியை நடுவர் குழு கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது.

வழக்கைப் பற்றி எதுவும் அறியாத மூன்று பேரைத் தனித்தனியே அழைத்துக் கேட்கச் செய்தேன். தாளும் தரவில்லை, எதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. கேட்டதை எழுதும்படி மட்டும் சொன்னேன். ஒருவர் 'வந்துட்டா' என்றார், ஒருவர் 'வந்துட்டான்' என்றார். மூன்றாமவர் 'வந்துட்டாங்க' என்று எழுதி, பிறகு கடைசி இரண்டு எழுத்துகளை அடித்து, மறுபடியும் எழுதியிருந்தார். நான் எண்ணியே பார்க்காத வழி அது: மூக்கொலி இருந்ததாக நிறுவினால்கூட அது பாதியில் அறுந்த 'ங்க'வாக இருக்கலாம், அப்போது வந்தவர் ஒருவரா பலரா என்பதும் தெரியாமல் போகும்.

அறிக்கையைக் கொடுத்தபோது விசாரணை அதிகாரி இன்னொன்றும் கேட்டார்: அந்தப் பெண்ணின் பதற்றம் உண்மையானதா, நடிப்பா என்று குரலை வைத்துச் சொல்ல முடியுமா? முடியாது என்றேன். அமெரிக்காவில் அவசர அழைப்பின் பேச்சை வைத்தே குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று பரப்பப்பட்ட ஒரு முறையை 2022இல் புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் விரிவாக அம்பலப்படுத்தியதையும் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், பழைய தாளை எடுத்து, 'வந்துட்டான்' என்பதில் இருந்த கடைசி எழுத்தைப் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் போட்டார்.

அறிக்கையின் முதல் பக்கத்தில், பதிவைக் கேட்பதற்கு முன்பே அந்தத் தாளைப் படித்துவிட்டேன் என்பதைத் தேதியோடு எழுதியிருக்கிறேன். எனக்கு இன்றும் அந்தச் சொல் 'வந்துட்டான்' என்றுதான் கேட்கிறது. ஆகவே அந்த இடத்தைப் பொறுத்தவரை என் காதின் சாட்சியத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் அதன்கீழே சேர்த்திருக்கிறேன்.