சித்தப்பா அனுப்புன பிளானும் ரெண்டு புள்ளிக்கோடும்

போன வாரம் ராத்திரி பத்து மணி இருக்கும், சித்தப்பா ஒரு பிளானை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு அடுத்த நிமிஷமே போன் பண்ணிட்டார். "டேய், ஹாலுக்கு நடுவுல சுவர் வருதுடா, நான் கேக்கவே இல்ல, இந்த இன்ஜினியர் அவர் பாட்டுக்கு போட்டு வச்சிருக்கார்." பெருசாக்கிப் பாத்தேன். நடுவுல ரெண்டு கோடு, ரெண்டுமே விட்டு விட்டு போட்ட கோடு. அது சுவர் இல்ல சித்தப்பா, தலைக்கு மேல போற பீம்னு சொன்னேன். "மேல இருக்கிறதை எதுக்குடா தரையில வரையிறாங்க?"

நியாயமான கேள்விதான். சைட்டுக்கு புதுசா போனப்போ நானும் இதே குழப்பத்தோடதான் சுத்திட்டு இருந்தேன், கேக்க வெக்கமா வேற இருக்கும்.

விஷயம் என்னன்னா, பிளான்ங்கிறது மொட்டை மாடிக்கு மேல நின்னு பாக்குற படம் இல்ல. தரையில இருந்து சுமார் ஒரு மீட்டர், ஒன்னேகால் மீட்டர் உயரத்துல வீட்டை அப்படியே படுக்கை வாட்டமா ஒரே வெட்டு வெட்டி, மேல் பாதியை தூக்கி ஓரமா வச்சுட்டு, மிச்சத்தை குனிஞ்சு பாக்குறோம்னு வச்சுக்கோங்க. கத்தி எதை வெட்டிச்சோ அது தடிச்ச கோடு, அதாவது சுவர், தூண். கத்திக்கு கீழ சும்மா கண்ணுக்கு தெரியறது மெல்லிசு கோடு: சமையல் மேடை, படி, ஜன்னலோட சில். கத்திக்கு மேல போனது, தூக்கி ஓரமா வச்சோமே அந்த பாதியில இருக்கிறது, பீம், லாஃப்ட், சன்ஷேடு, இதெல்லாம் விட்டு விட்டு வர்ற கோடு. கோடு, புள்ளி, கோடு, புள்ளின்னு மாறி மாறி நீளமா போனா அது சென்டர் லைன், அது நிஜமான பொருளே இல்ல, அளவு எடுக்கிறதுக்காக நாம வச்சுக்கிட்ட கோடு. கோடுகளுக்குன்னே ஐஎஸ்ஓ 128-னு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு, ஆனா சைட்ல யாரும் அதை புரட்டிட்டு இருக்கிறதில்ல, இந்த கத்தி கதை ஒன்னு மனசுல இருந்தாலே பாதி பிளான் தானா புரிஞ்சிரும்.

படிக்கட்டு ஏன் பாதியில வளைஞ்சு நெளிஞ்ச கோட்டோட நின்னு போகுதுன்னும் இதுலயே பதில் இருக்கு, ஒன்னேகால் மீட்டர்ல வெட்டிட்டோம்ல, அதுக்கு மேல இருக்கிற படி தூக்குன பாதியோட போயிருச்சு. அம்புக்குறி போட்டு அப் (UP)-னு எழுதியிருந்தா அம்பு போற பக்கம் ஏறணும், அவ்வளவுதான்.

அதே கத்தியை நெட்டுவாக்குல இறக்குனா செக்‌ஷன். பிளான்ல ரெண்டு ஓரத்துலயும் ஏ-ஏ-ன்னு போட்டு அம்பு வச்சிருப்பாங்க, அந்த அம்பு எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் பாத்துதான் செக்‌ஷன் வரைஞ்சிருக்கும். இதை கவனிக்காம விட்டா இடது வலது மாறி கதவு எதிர்ப்பக்கம் போயிரும்.

அடுத்தது ஸ்கேல், இதுல நான் வாங்குன அடியை சொல்லியே ஆகணும். முதல் மாடி சுவர் வேலை, ஒரு ஜன்னலுக்கு மூலையில இருந்து எவ்வளவு தள்ளி ஆரம்பிக்கணும்ங்கிற அளவு டிராயிங்ல இல்ல. ஓரத்துல 1:100-னு போட்டிருந்துச்சு, அதாவது தாள்ல 1 எம்எம்னா நிஜத்துல 100, நானும் பெரிய ஆள் மாதிரி பாக்கெட்ல இருந்த ஸ்கேலை வச்சு அளந்தேன், 6 எம்எம் வந்துச்சு, அப்ப 600-னு மார்க் பண்ணிக் குடுத்துட்டேன். மேஸ்திரி ரெண்டு வரி செங்கல் ஏத்திட்டு வெளிய போய் நின்னு பாத்தவர், "சார், கீழ் ஜன்னலுக்கு நேரா வரலையே"-ன்னார். வரலை, சரியா 600 தள்ளிப் போயிருந்துச்சு. என்ன ஆச்சுன்னா, ஏ1 தாள்ல வரைஞ்சதை ஏ3-ல பிரிண்ட் எடுத்து கையில குடுத்திருந்தாங்க. ஏ1 594-க்கு 841, ஏ3 297-க்கு 420, நீளம் அகலம் ரெண்டும் பாதி. அப்ப தாள்ல 1:100-னு எழுதியிருந்தாலும் உண்மையில அது 1:200, என்னோட 6 எம்எம் நிஜத்துல 1200. ரெண்டு வரியையும் பிரிச்சோம். பெரும்பாலான டிராயிங்ல நோட்ஸ்ல ஒரு வரி இருக்கும், எழுதுன அளவை மட்டும் எடு, ஸ்கேல் வச்சு அளக்காதேன்னு. அதை அன்னிக்குத்தான் முதல் தடவையா முழுசா படிச்சேன். அளவு இல்லைன்னா போன் போட்டு கேக்கணும், கேட்டா யாரும் கடிச்சிட மாட்டாங்க.

அளவுன்னு சொன்னதும் இன்னொன்னு. நீளம் அகலத்துக்கெல்லாம் யூனிட் எழுதாம வெறும் எண் இருந்தா பெரும்பாலும் மில்லிமீட்டர், ஆனா லெவலுக்கு, அதாவது தரை எவ்வளவு உயரத்துல இருக்குங்கிறதுக்கு மட்டும் மீட்டர்ல மூணு தசமம் போட்டு +0.450-ன்னு வரும், ஒரே தாள்ல ரெண்டும் கலந்து கிடக்கும். அந்த லெவலும் தரை பூச்சு, டைல்ஸ் எல்லாம் முடிஞ்சப்புறம் உள்ளதா, இல்ல வெறும் கான்கிரீட் மேல்மட்டமா, எஃப்எஃப்எல்-லா எஸ்எஸ்எல்-லான்னு பாக்கணும். அதை மாத்திப் பிடிச்சா தரை கனம் அளவுக்கு வாசப்படி இடிக்கும்.

தூண் எங்க இருக்குன்னு சொல்ல குறுக்கும் நெடுக்குமா போடுற கிரிட் லைன் சுலபம், ஒரு பக்கம் எண், இன்னொரு பக்கம் இங்கிலீஷ் எழுத்து, தூணை சி-4-ன்னு கூப்பிடலாம். எச்-க்கு அப்புறம் ஐ இல்லாம நேரா ஜே வந்தா பிரிண்ட் தப்புன்னு நினைக்காதீங்க, ஐ-யும் ஓ-வும் ஒன்னு, சைபர் மாதிரி இருக்கும்னு வேணும்னேதான் விட்டுடுவாங்க.

நான் ரொம்ப நேரம் உக்காந்து பாக்குறது கம்பி டிராயிங்தான். 8 எம்எம் ஆட் (@) 150 சிசி, அதாவது சென்டர் டு சென்டர்னா ஒரு கம்பியோட நடுவுல இருந்து அடுத்த கம்பியோட நடு வரைக்கும் 150, இடைவெளி 150 இல்ல. இது தெரிஞ்சவங்க நிறைய பேர், ஆனா செக்‌ஷன்ல வர்ற கறுப்பு புள்ளியை யாரும் மதிக்கிறதில்ல. நீளமா போற கோடு கம்பி, புள்ளி எல்லாம் குறுக்க போற கம்பியை வெட்டுன முகம். சாதாரண ஸ்லாப்ல நடுவுல பாத்தா மெயின் கம்பி அடியில கிடக்கும், புள்ளி அதுக்கு மேல உக்காந்திருக்கும். சன்ஷேடு, பால்கனி மாதிரி ஒரு பக்கம் மட்டும் பிடிச்சு நீட்டிட்டு இருக்கிறதுல தலைகீழ், மெயின் கம்பி மேல, புள்ளி அதுக்கு அடியில. ஏன்னா நீட்டிட்டு இருக்கிறது கீழ தொங்கப் பாக்கும்போது இழுவை மேல்பக்கம்தான் விழும். புள்ளி எந்தப் பக்கம்னு பாக்காம பழக்க தோஷத்துல கம்பியை அடியில போட்டு கான்கிரீட் ஊத்திட்டா, முட்டு இருக்கிற வரைக்கும் ஒன்னும் தெரியாது, பிரிக்கிற அன்னிக்குத்தான் தெரியும். அதுலயும் கான்கிரீட் போடும்போது ஆளுங்க மேல நடந்தே அந்த மேல் கம்பியை மிதிச்சு இறக்கிடுவாங்க, அதுக்கு நாற்காலி மாதிரி வளைச்ச சேர் கம்பி வச்சு தாங்கணும், அது தனி புராணம்.

இதையெல்லாம் சித்தப்பாகிட்ட அரை மணி நேரம் சொல்லி முடிச்சேன், மனுஷன் ஆர்வமா கேட்டார், கோடு எது தடிப்பு எது மெல்லிசுன்னு போன்லயே விரலை வச்சு பாத்துட்டு இருந்தார் போல. கடைசியா சும்மா ஒரு சந்தேகத்துக்கு, கீழ வலது மூலையில ஒரு கட்டம் இருக்கும், டைட்டில் பிளாக், அதுல ரிவிஷன்னு, அதாவது எத்தனாவது திருத்தம்னு இருக்கிற இடத்துல என்ன போட்டிருக்குன்னு கேட்டேன்.

"ஆர் சைபர்."

"வேற தாள் எதுவும் குடுத்தாங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, தாள் புரட்டுற சத்தம் மட்டும். "ஆர் ரெண்டுன்னு ஒன்னு இருக்குடா. இதுல ஹால்ல அந்த கோடே இல்ல, பெட்ரூம் சுவருக்கு நேரா தள்ளிட்டாங்க, சுத்தி மேகம் மாதிரி வேற வரைஞ்சு வச்சிருக்காங்க."

அந்த மேகம் என்னன்னு நாளைக்கு சொல்றேன்னு போனை வச்சேன்.